சேனல் தரும் திருத்தமும் உங்கள் மகளின் படிப்பும்

வணக்கம் அம்மா. மகள் தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பு படிக்க ஆசைப்படுகிறாள், சேனல்காரர்கள் யாரையும் நிம்மதியாக வேலை செய்ய விடமாட்டார்களாமே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். பணம் போடுகிறவர் தலையிடாத தொடர் அபூர்வம். ஆனால் எல்லாத் தலையீடும் வேலையைக் கெடுத்துவிடாது. அது எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பாருங்கள்.

‘இந்தப் பாத்திரம் சாக வேண்டாம்’ என்று கதைச் சுருக்கத்தைப் படித்ததுமே சொன்னால், எழுத்தாளர் திருத்திக் கொடுத்துவிடுவார். அதையே ரஃப் கட், அதாவது எடுத்த காட்சிகளை முதல் முறையாகத் தொகுத்த வடிவம், பார்த்தபிறகு சொன்னால்? செட்டைப் பிரித்திருப்பார்கள். நடிகர் வேறிடத்துக்குக் கால்ஷீட் கொடுத்து, தாடியையும் எடுத்திருப்பார். ஒளிபரப்புத் தேதி மட்டும் அசையாது. ரீஷூட்டுக்குப் போன நாட்களை எடிட்டிங்கிலும் ஒலிக்கலவையிலும்தான் பிடித்தாக வேண்டும். கடைசி எபிசோடுகள் அவசரக்கோலமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் 2002-இல் ஃபாக்ஸ் சேனல் ‘ஃபயர்ஃப்ளை’ தொடரின் இரண்டு மணி நேர முதல் எபிசோடை ஒதுக்கிவிட்டு, விறுவிறுப்பாக வேறொன்று கேட்டது. ஒரு வார இறுதிக்குள் எழுதிக் கொடுத்தார்கள். பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் எபிசோடே அந்த டிசம்பரில் கடைசியாக ஒளிபரப்பானது. எடுத்த 14 எபிசோடுகளில் அப்போது ஒளிபரப்பானவை 11. இதற்கு நேர்மாறாக, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் முதல் முன்னோட்ட எபிசோடை என்.பி.சி. சேனல் நிராகரித்து இன்னொன்று எடுக்கச் சொன்னது. அதில்தான் வில்லியம் ஷாட்னர் கேப்டனாக வந்தார். 1966-இல் தொடரும் தொடங்கியது. இதுவும் தலையீடுதான், ஆனால் தொடர் தொடங்கும் முன்பே வந்தது.

மகளுக்கு எழுத்தில்தான் ஆர்வம் என்றாலும், முதல் வேலையாக ஸ்கிரிப்ட் ஒருங்கிணைப்பாளருக்கு, அதாவது ஸ்கிரிப்டில் வரும் திருத்தங்களைச் சேர்த்து எல்லாருக்கும் அனுப்புகிறவருக்கு, உதவியாளராகச் சேரச் சொல்லுவேன். பகட்டான பதவி இல்லை. சம்பளமும் பெரிதாக இருக்காது. ஆனால் திருத்தங்கள் வந்து விழும் மேஜை அது. ஹாலிவுட் முறையில் மாறிய பக்கங்கள் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று தாள் நிறம் மாறிக்கொண்டே போகும். மாற்றிய வரிக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். காட்சி எண்கள் உறுதியானபின் 23-ஆம் காட்சியை நீக்கினாலும் அந்த எண் அப்படியே நிற்கும், 23-க்குப் பின் புதிதாக ஒன்று சேர்த்தால் 23-ஏ. எண் மாறினால் உடை, கலை, ஒளிப்பதிவு என்று எல்லாத் துறைகளின் பட்டியலும் குழம்பிவிடும். ஒரு வரியை மாற்றினால் யார் யார் தூக்கம் போகும் என்பது அங்கே தெரியும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கேமரா, ஸ்டுடியோ வசதியெல்லாம் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாணவர்கள் தள்ளிப்போட முடியாத தேதிக்குள் படம் முடிக்கிறார்களா? பாதியில் வேறொருவர் தரும் திருத்தத்தை ஏற்று மறுபடி எடுக்கிறார்களா?

சேர்ப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. ஐந்து பக்க ஸ்கிரிப்ட் எழுதி ஷெட்யூலும் போடச் சொல்லுங்கள். முடித்ததும், ஒரு லொக்கேஷனை நீக்கிவிட்டு மறுநாள் காலைக்குள் திருத்தித் தரச் சொல்லுங்கள். கோபப்பட்டால் பரவாயில்லை, காலையில் என்ன கொடுக்கிறாள் என்று பாருங்கள்.