டர்போ காரில் இன்டேக் மாற்றியதால் வாரண்டி மறுப்பு: வழக்கு நிற்குமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 47 லட்ச ரூபாய்க்கு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாண்டு வாரண்டி இன்னும் முடியவில்லை. ஆறு மாதங்களுக்கு முன்பு உள்ளூர் ட்யூனிங் கடை ஒன்றில் 1.4 லட்ச ரூபாய் செலவில், எஞ்சினுக்குக் காற்றை இழுத்துத் தரும் இன்டேக்கை மாற்றி, திறந்த கூம்பு ஃபில்டர் உள்ள ஒன்றைப் பொருத்தினேன். வாரண்டிக்குப் பாதிப்பு வராது என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் மென்பொருளில் கை வைக்கவில்லை. சென்ற மாதம், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஏற்றும் டர்போ பழுதானது. இன்டேக்கைப் பார்த்த சர்வீஸ் சென்டர், எஞ்சினுக்கான வாரண்டி முழுவதும் ரத்து என்று சொல்லி 4.8 லட்ச ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறது. பழைய இன்டேக்கை மாட்டி வேறு ஊர் டீலரிடம் கொண்டுபோகும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். வழக்குத் தொடுத்தால் வெல்ல முடியுமா? போலீஸ், இன்சூரன்ஸ் தரப்பில் சிக்கல் வருமா? இந்த இன்டேக்கோடு ரீமேப்பும் (ஈசியூ மென்பொருளை மாற்றியமைப்பது) செய்துகொள்வது பலன் தருமா?

பதில்: நண்பர்கள் சொன்ன யோசனையை முதலில் தள்ளிவிடுகிறேன். இன்டேக் மாற்றப்பட்டிருப்பது ஜாப் கார்டில் ஏறியிருக்கும், புகைப்படமும் எடுத்திருப்பார்கள், சேஸிஸ் எண்ணைத் தட்டினால் எந்த ஊர் டீலருக்கும் அந்தப் பதிவு தெரியும். உண்மையை மறைத்து 4.8 லட்ச ரூபாய் பெறுமானமுள்ள பழுதுநீக்கத்தைப் பெற முயல்வது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதலுக்குள் வரக்கூடும். அது ஒருபுறம் இருக்க, இன்று நியாயம் ஓரளவு உங்கள் பக்கம் இருக்கிறது. அந்த வேலையைச் செய்த மறுநாள் அது இருக்காது.

இனி வாரண்டி. இணையத்தில் இதைப் பற்றிப் படித்திருந்தால், "மாற்றிய பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று நிறுவனமே நிரூபிக்க வேண்டும்" என்ற வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தின் வழிவந்த நிலைப்பாடு. இந்தியாவில் அதற்கு இணையான சட்டம் கிடையாது. இன்டேக் பெட்டியின் மேல் கலிஃபோர்னியக் காற்று வள வாரியத்தின் ஆணை எண் அச்சிடப்பட்டிருந்தாலும் நமது நுகர்வோர் ஆணையத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ அதற்கு மதிப்பில்லை. இங்கே வாரண்டி என்பது நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். ஆகவே வாரண்டிப் புத்தகத்தில் அந்த விலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் வழக்கு நிற்கும் அல்லது விழும்.

பெரும்பாலான புத்தகங்களில் இந்த விலக்கு இரண்டு விதமாகக் காணப்படும். "அனுமதியற்ற மாற்றத்தினால் விளைந்த பழுதுக்கு வாரண்டி பொருந்தாது" என்பது ஒன்று. "அனுமதியற்ற மாற்றம் செய்யப்பட்ட வாகனத்துக்கு வாரண்டி செல்லாது" என்பது மற்றொன்று. முதல் வகையில் காரணத்துக்கும் விளைவுக்கும் தொடர்பு காட்டப்பட வேண்டும், விலக்கைக் கோருபவரே அதற்குப் பொருந்தும் உண்மைகளையும் காட்ட வேண்டும் என்று வாதிட முடியும். அதில் உங்கள் நிலை வலுவானது. இரண்டாவது வகையில் வாதம் கடினமாகும். இரண்டும் கலந்து தெளிவில்லாமல் எழுதப்பட்டிருந்தால், ஐயத்துக்கிடமான நிபந்தனையை அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்ற விதி உங்களுக்குக் கைகொடுக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த நிபந்தனையே நியாயமற்றது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46) பிரிவின் கீழ் தாக்க விரும்பினால், நியாயமற்ற ஒப்பந்தம் குறித்த புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே நிபந்தனையைத் தாக்குவதை விட, அந்த நிபந்தனைப்படியே வாரண்டி பொருந்தும் என்றும், மறுத்தது சேவைக் குறைபாடு என்றும் புகாரை அமைப்பதையே நான் விரும்புவேன்.

ஆனால் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: டர்போ ஏன் உடைந்தது? இதற்கு விடை அந்த டர்போவிலேயே இருக்கிறது. டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் இறக்கைகள் காற்று நுழையும் விளிம்பில் நசுங்கியோ, பொரிந்தோ, தேய்ந்தோ இருந்தால், ஃபில்டரைத் தாண்டித் தூசியோ, கழன்ற கிளாம்ப் போன்ற ஏதேனும் பொருளோ உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வாகன நிறுவனத்துக்கு எதிரான உங்கள் வழக்கு மிகவும் பலவீனமாகிவிடும். இறக்கைகள் சுத்தமாக இருந்து, தண்டும் பேரிங்கும் வெப்பத்தில் நீலம் பாரித்தோ, எண்ணெய் கரிந்து படிந்தோ இருந்தால், குறை எண்ணெய் வழங்கலில் இருக்கிறது. அதற்கும் இன்டேக்குக்கும் சம்பந்தமில்லை. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டரோ அதன் மின்பகுதியோ செயலிழந்திருந்தால் அதற்கும் சம்பந்தமில்லை. சர்வீஸ் சென்டர் உங்களுக்குக் கொடுத்த தாளில் இவற்றில் எது நடந்தது என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். "இன்டேக் மாற்றப்பட்டுள்ளது, வாரண்டி ரத்து" என்று மட்டும் எழுதியிருந்தால், டர்போவைப் பிரித்துப் பார்க்காமலே மறுத்திருக்கிறார்கள் என்பதே உங்கள் முதல் வாதம்.

காற்றளவு சென்சார் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் எதிர்த்தரப்பு நிபுணர் இதை எடுப்பார். புதிய இன்டேக்கின் குழாய் விட்டம் பழையதை விடப் பெரிதாக இருந்தால், சென்சாரைக் கடக்கும் காற்றின் வேகம் குறையும். சென்சார் உண்மையை விடக் குறைந்த காற்றைக் கணக்கிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகச் சென்று கலவை மெலியும். ஈசியூ இதை ஓர் எல்லை வரை தானே திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தத்தின் அளவு எரிபொருள் ட்ரிம் என்ற பெயரில் பதிவாகியிருக்கும். அது இயல்பான எல்லைக்குள் இருந்தது என்று காட்ட முடிந்தால் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று போய்விடும். எண்ணெய் பூசிய ஃபில்டராக இருந்தால், அந்த எண்ணெய் சென்சாரில் படிந்ததா என்பதையும் கேட்பார்கள். ஆகவே பிழைக்குறியீடுகள், கோரிய பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) எவ்வளவு, கிடைத்த பூஸ்ட் எவ்வளவு, ட்ரிம் அளவுகள் ஆகியவை அடங்கிய நோய்கண்டறி அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மென்பொருள் தொழிற்சாலை நிலையில் இருக்கிறது என்பதும் அதில் வந்துவிட்டால், நீங்கள் ரீமேப் செய்யவில்லை என்பதற்கு நிறுவனத்தின் கருவியே சாட்சியாகும்.

டர்போவைக் கழற்றும்போது நீங்களோ உங்கள் ஆளோ அருகில் இருந்து வீடியோ எடுக்க அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரண்டியில் மாற்றித் தந்தால் பழைய பாகம் நிறுவனத்துக்குப் போகலாம்; வாரண்டியை மறுத்துவிட்ட பிறகு அது உங்கள் சொத்து, அதைப் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள். பாகத்தில் குறை இருக்கிறதா என்பதைப் பரிசோதனை இல்லாமல் அறிய முடியாதபோது அதை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(2)(c) பிரிவு அதிகாரம் தருகிறது. அரசுப் பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறைப் பேராசிரியர் போன்ற, எந்தத் தரப்பையும் சாராத ஒருவரை நியமிக்கக் கோருங்கள். நீங்களே காசு கொடுத்து இன்னொரு ட்யூனிங் கடையிலிருந்து வாங்கும் கடிதத்துக்கு அந்த எடை இருக்காது.

புகாரைக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம்; வசிக்கும் இடத்தில் புகார் தர அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. செலுத்திய விலை 50 லட்ச ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தின் வரம்பு என்பதால் 47 லட்சம் அதற்குள் அடங்கும். கட்டணம் 1,000 ரூபாய். டீலரையும் உற்பத்தி நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பினராக்குங்கள். இருவருக்கும் இடையிலான உறவு சமநிலையில் உள்ள இரு வணிகர்களின் உறவு என்பதால் ஒருவர் செயலுக்கு மற்றவர் தானாகப் பொறுப்பாக மாட்டார் என்பதை, டாடா மோட்டார்ஸ் எதிர் அன்டோனியோ பாலோ வாஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் வாரண்டி நிறுவனம் நேரடியாக உங்களுக்குத் தந்த வாக்கு என்பதால் அந்தத் தடை இங்கே பெரிதல்ல. கோரிக்கையில் ஆசைப்பட்டுக் கார் முழுவதையும் மாற்றித் தரும்படி கேட்காதீர்கள். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-இல், குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வதே வாரண்டியின் கடமை என்று கூறி, காரை மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. டர்போவை வாரண்டியில் மாற்றுதல், எஞ்சின் வாரண்டி தொடர்கிறது என்ற அறிவிப்பு, இழப்பீடு, செலவுத்தொகை ஆகியவை போதும்.

ட்யூனிங் கடைக்காரரையும் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம், ஆனால் வார்த்தைகளை அளந்து எழுத வேண்டும். நிறுவனத்திடம் "இன்டேக் காரணமல்ல" என்றும், கடைக்காரரிடம் "உன் இன்டேக்தான் காரணம்" என்றும் ஒரே புகாரில் சொன்னால் இரண்டுமே கெட்டுவிடும். முதன்மையாக வாரண்டி பொருந்தும் என்று கோரி, இன்டேக்தான் காரணம் என்று ஆணையம் முடிவு செய்தால் மாற்றுப் பரிகாரமாகக் கடைக்காரரிடமிருந்து தொகை பெற்றுத் தருமாறு கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தி இங்கே உங்களுக்குப் பெரும் துணை. அதை அச்சிட்டு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படியான சான்றோடு வையுங்கள், அந்தத் தொலைபேசியையும் மாற்றாதீர்கள்.

போலீஸ், போக்குவரத்து அலுவலகம் பற்றிய பயத்தில் பாதி தேவையற்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது, கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. ஆனால் "மாற்றம்" என்பதற்கு, வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாறுதல் என்றே அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. பழைய ஃபில்டர் பெட்டிக்குள் வேறு நிறுவனத்தின் ஃபில்டரைப் போடுவது இதற்குள் வராது என்பதில் எனக்கு ஐயமில்லை. உங்களுடையது போன்ற திறந்த இன்டேக்கும் பதிவுச் சான்றிதழின் எந்த விவரத்தையும் மாற்றவில்லை என்று வாதிட முடியும். இருப்பினும் அதே சட்டத்தின் 182A(4) பிரிவு அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்பதால், அந்த வாதத்தைச் சாலையோரத்தில் நிறுத்தப்பட்ட நிலையில் செய்ய நேரிடலாம். புகைச் சான்றிதழ் கையில் இருப்பது மாற்றம் சட்டப்படியானது என்பதற்கு ஆதாரமாகாது.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, வழக்கமான பாலிசியில் இயந்திரக் கோளாறு விலக்கப்பட்டிருப்பதால் இந்த டர்போவுக்கு அங்கிருந்து எதுவும் கிடைக்காது. மாற்றத்தை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காமல் விட்டால் விபத்துக் காலத்தில் உங்கள் காரின் சேதத்துக்கான தொகையைக் குறைக்க அது காரணமாகும். மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை மறுக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு அனுமதிக்கும் காரணங்களில் இது இல்லை. உங்கள் ஊருக்கென்று ஓர் ஆபத்தும் உண்டு. சில இன்டேக்குகளில் ஃபில்டர் முன் பம்பருக்குப் பின்னே தாழ்வாக அமர்கிறது. மழை நாளில் லங்கா கார்னர் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் அது எஞ்சினுக்குள் தண்ணீரை இழுத்தால், எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தாலும் ஃபில்டரின் இடம் மாற்றப்பட்டதை வைத்தே கோரிக்கையை எதிர்ப்பார்கள். செட்டிபாளையம் பந்தயத்தடத்தில் ஓட்டியிருந்தால், பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசியிலும் பெரும்பாலான வாரண்டிகளிலும் விலக்கப்பட்டவை என்பதை நினைவில் வைத்து, வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரீமேப் பற்றி நான் பொறியாளனாகச் சொல்லவில்லை. இத்தகைய வழக்குகளில் இரு தரப்பு நிபுணர்களும் ஒப்புக்கொள்வதைச் சொல்கிறேன். டர்போ எஞ்சினில் பூஸ்ட் எவ்வளவு என்பதை ஈசியூ தீர்மானித்து வேஸ்ட்கேட் மூலம் கட்டுப்படுத்துகிறது. தொழிற்சாலை மென்பொருளோடு இன்டேக்கை மட்டும் மாற்றினால் கம்ப்ரஸரின் உழைப்பு கொஞ்சம் குறையும், டர்போவின் ஒலி நன்றாகக் கேட்கும், சக்தி பெரிதாக ஏறாது. எஞ்சின் அறையின் சூடான காற்றை உறிஞ்சும் திறந்த ஃபில்டராக இருந்தால் அந்தக் கொஞ்சமும் குறையும். சக்தி உண்மையில் ஏறுவது ரீமேப்பில்தான். ஆனால் உங்கள் காரின் மாசு அனுமதி பி.எஸ். 6 விதிகளின்படி அந்தத் தொழிற்சாலை மென்பொருளுக்கே தரப்பட்டது. அதை மாற்றி ஓட்டினால் காற்று மாசுத் தரத்தை மீறியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின் கீழ் முதல் முறையிலேயே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாத ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு ஆகியவற்றுக்கு இடமுண்டு. அதிலும் முக்கியமாக, மென்பொருள் தொடப்படவில்லை என்ற உங்கள் ஒரே திடமான சான்று அன்றோடு அழியும். வழக்கு முடியும் வரை ரீமேப் வேண்டாம். வாரண்டி முடியும் வரையிலும் வேண்டாம் என்பதே என் கருத்து. 1.4 லட்சம் கொடுத்து ஒலியை வாங்கியது உங்கள் விருப்பம், ஆனால் அதற்காக எஞ்சின் வாரண்டி முழுவதையும் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

புகாருக்கான காலவரம்பு, வாரண்டி மறுக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். ஆனால் கார் சர்வீஸ் சென்டரிலேயே நின்றால் நிறுத்துமிடக் கட்டணம் கேட்பார்கள். ஆகவே இந்த வாரமே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் அனுப்புங்கள்: வாரண்டி மறுப்புக்குத் தொழில்நுட்பக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், பாகத்தைப் பாதுகாக்க வேண்டும், கட்டணம் எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவசரத்துக்குக் கார் தேவைப்பட்டு 4.8 லட்சத்தையும் கட்டி எடுப்பதாக இருந்தால், பில்லில் கையெழுத்திடும் இடத்தில் "எதிர்ப்புடனும் உரிமைகளைக் கைவிடாமலும் செலுத்தப்படுகிறது" என்று உங்கள் கைப்பட எழுதி, அந்தப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.