சுற்றிலும் ரப்பர்தான்

வணக்கம்.

களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கொச்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது வழக்கம். பாதிப் பேரால் பணம் கட்ட முடிவதில்லை. இந்த முறை பாடத்தோடு சேர்ந்த பயணமாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். ஒரு நாளில் போய்வரும்படி ஒரு பட்டியல் தருவீர்களா? எங்கள் ஊரில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, சுற்றிலும் ரப்பர்தான். பெற்றோரும் அதிகம் படிக்காதவர்கள், அவர்களிடம் உதவி எதிர்பார்க்க முடியாது. போய்வந்ததும் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டுமா?

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான், கால்வாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஏந்திப்போகிற மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போயிருந்தேன். ஒரு பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பஸ் ஏறிவிட்டார்கள். பக்கத்திலேயே ஓடுகிற தண்ணீரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 1966-இல் கட்டிய பாலம். தொட்டியின் அகலம் ஏழரை அடி, ஆழம் ஏழடி, நீளம் 1204 அடி. நிரம்பினால் 63,210 கன அடி, அதாவது ஏறத்தாழ 17 லட்சத்து 90 ஆயிரம் லிட்டர். காலடியால் நீளத்தை அளக்கவிட்டிருந்தால் பிள்ளைகளே இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். அன்றிலிருந்து அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

பட்டியல் கேட்டீர்கள். தொட்டிப்பாலம், சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலை, பத்மநாபபுரம் அரண்மனை. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டு மண்ணில் இருக்கும் அரண்மனையைக் கேரள அரசு ஏன் பராமரிக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், குமரிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-இல் தொடங்கிச் சொல்லுங்கள். கட்டுரை வேண்டாம். முதல் நாளே ஆளுக்கு மூன்று கேள்வி எழுதிக்கொண்டு வரட்டும், அது போதும்.

சரி, இனி நான் பேச வந்ததற்கு வருகிறேன். "சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, சுற்றிலும் ரப்பர்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். டீச்சர், அறிவியல் எடுக்கிற நீங்கள் இப்படி எழுதலாமா? அந்த வரியை நான்கு தடவை படித்தேன். கோபம் வந்தது, மறைக்கவில்லை.

என் அப்பா ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் வடிக்கிற பால்வெட்டுத் தொழிலாளி. விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். உறைபாலும் ஆசிடும் சேர்ந்த வாடை அவர் சட்டையில் இருக்கும், உடன் உதவப் போகிற என் சட்டையிலும் இருக்கும். அந்த வாடைக்காக ஒரு ஆசிரியர் என்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். அதற்குப் பிறகு "அப்பா என்ன செய்கிறார்" என்று யார் கேட்டாலும் "விவசாயம்" என்பேன்.

ஏழாம் வகுப்பில் வேறொரு சார் வந்தார். "யார் வீட்டில் பால்வெட்டுக்குப் போகிறார்கள்?" என்று கேட்டார். நான் கை தூக்கவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு ஒரு சனிக்கிழமை அதிகாலை ஐந்தரை மணிக்கு முப்பது பிள்ளைகளோடு அப்பா வெட்டுகிற தோட்டத்துக்கே வந்துவிட்டார். அப்பாவுக்குக் கை நடுங்கியது. "எனக்கு என்ன தெரியும் சாரே" என்றார்.

சார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எதுக்குச் சரிவா வெட்டுறீங்க?"

அப்பா ஒரு மரத்தின் முன் நின்று காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிற வெட்டு. "மாத்தி வெட்டுனா பாலு குறையும் சாரே." பட்டைக்குள் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகக் குழாய்களை அறுக்கும். அப்பாவுக்கு அது கையில் தெரிந்திருந்தது, சாருக்குப் புத்தகத்தில் தெரிந்திருந்தது. விடியற்காலையில் ஏன் என்று ஒரு பையன் கேட்டான். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுபோகும் என்றார் அப்பா. இலை வழியே நீர் போகப் போகப் பட்டைக்குள் அழுத்தம் குறைகிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் நீராவிப்போக்கு என்று இருப்பதும் இதுதான், டீச்சர். பாலை உறைய வைக்கிற பார்மிக் அமிலம் எறும்புக்கடியிலும் இருக்கிறது. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளின் வழிவந்தவைதான் பெரும்பாலும் நம் ஊர் மரங்களும். தாவரவியல், வேதியியல், வரலாறு எல்லாம் உங்கள் பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. நீங்களோ கொச்சிக்கு பஸ் பேசுகிறீர்கள்.

அப்புறம் சார் கத்தியை வாங்கி ஒரு வெட்டுப் போட்டார். ஆழமாகப் போய் உள்தடியைத் தொட்டுவிட்டது. அப்பா பதறிப்போனார், ஆனால் சாரைத் திட்டவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து, பட்டையில் ஒரு நூல் கனம் மிச்சம் வைத்து எப்படி இழுப்பது என்று காட்டினார். ஒரு வாத்தியாரின் கையை என் அப்பா பிடித்துக்கொண்டு நின்றதைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். அந்த இடத்தில் பின்னால் மரம் புடைத்து முண்டாகிவிட்டது. அதை வெட்டி விறகாக்கும்வரை அப்பா அதைச் "சாரு வெட்டுன மரம்" என்றுதான் சொன்னார்.

பெற்றோர் படிக்காதவர்கள் என்கிறீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதற்கா அவர்கள்? நீங்கள் அவர்களிடம் இதுவரை ஏதாவது கேட்டிருக்கிறீர்களா?

கடுமையாகப் பேசிவிட்டேன். பணம் கட்ட முடியாத பிள்ளைகளை நினைத்துத்தான் நீங்கள் எழுதினீர்கள் என்பதும் தெரிகிறது. அந்த மனசு இருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். முதலில் நீங்கள் மட்டும் ஒரு நாள் போய் ஒரு முழு வெட்டையும் கூட நின்று பாருங்கள். மழை நாள் வேண்டாம், இலையுதிர்ந்து துளிர்க்கிற மாதங்களும் வேண்டாம், அப்போது பல தோட்டங்களில் வெட்டை நிறுத்தியிருப்பார்கள். ஆசிட் இருக்கும் இடத்தில் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஒரு தடவையோடு விடாதீர்கள். உறைந்த பாலை ஷீட்டாக அடிக்கும்போது ஒரு தடவை, அந்த ஷீட்டைப் புகையில் உலர்த்துகிற புகைப்புரையில் ஒரு தடவை என்று அதே தோட்டத்துக்குத் திரும்பப் போங்கள். வெட்டிக் காட்டுகிறவருக்கு அன்றைய கூலி குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தச் சார் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். கை தூக்காமல் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை எது என்று பாருங்கள். அந்த வீட்டுக்குப் போய் அந்த அப்பாவிடமோ அம்மாவிடமோ பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.