கல்யாண கேக்கில் சர்க்கரைப் பூக்களை எப்படி அடுக்குவது?

ஃபாண்டன்ட் (மாவுபோல் தேய்த்துப் போர்த்தும் சர்க்கரைப் பூச்சு) போட்ட மூன்றடுக்கு கேக், கம் பேஸ்ட்டில் (காய்ந்தால் இறுகும் சர்க்கரை மாவு) செய்து கம்பி வைத்த பூக்கள் என்கிறீர்கள். சரி, முதலில் கம்பி விஷயம். அதை நேராகக் கேக்கில் குத்தாதீர்கள். உணவில் படக்கூடிய பொருள் அல்ல அது. தடித்த ஸ்ட்ராவைத் துண்டாக வெட்டி, உள்ளே கொஞ்சம் ஃபாண்டன்ட் அடைத்துக் கேக்கில் செருகி, கம்பியை அதற்குள் விடுங்கள். பூ ஆடாது, கேக் வெட்டும் முன் ஸ்ட்ராவோடு உருவிவிடலாம்.

பெரிய ரோஜாவை முதலில், நடுவிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். சுற்றிலும் சின்னப் பூ, அப்புறம் மொட்டு. இலை கடைசியில், இடைவெளியை மறைக்க. எல்லா அடுக்கையும் நிரப்பாதீர்கள், வெறுமையும் அழகுதான்.

பூ வைத்த பிறகு ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்து இதழ் துவண்டுவிடும். பூக்களை அட்டைப்பெட்டியில் தனியாகக் கொண்டுபோய், விழா நடக்கும் இடத்திலேயே செருகுங்கள். வழியில் இதழ் உடையும். நாலைந்து பூ உபரியாக இருக்கட்டும்.