மிஸ்டர் ஸ்கோஃபீல்ட் – கடிதம்

வணக்கம்.

போன வாரம் நீங்கள் சொன்னதால் ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ பார்த்தேன். அரசன் எட்டாம் ஹென்றிக்கு இணங்க மறுத்துத் தலையை இழந்த தாமஸ் மோராக வரும் பால் ஸ்கோஃபீல்டைப் பற்றி இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. தேடிப் பார்த்தால் ஆஸ்கர் வாங்கியவர், ஆனால் நடித்த படங்கள் கொஞ்சம்தான். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு ஏன் ஒதுங்கிப் போனார்? வீணடித்துவிட்டார் என்றே தோன்றுகிறது. இன்னொன்று, நாடகத்திலிருந்து வருகிறவர்கள் கேமரா முன்னாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி கத்துவார்கள் என்பார்கள். இவர் அப்படி இல்லையே?

கே.

அன்புள்ள கே.,

அவர் எங்கே ஒதுங்கினார்? ராத்திரிக்கு ராத்திரி மேடையில்தான் நின்றுகொண்டிருந்தார். நாம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்த மோர் சினிமாவுக்காகப் பிறந்தவர் அல்ல. ராபர்ட் போல்ட்டின் நாடகம் 1960இல் லண்டனில் மேடையேறியது. அடுத்த வருடம் நியூயார்க்கின் பிராட்வே. 1962இல் அதற்காக ஸ்கோஃபீல்டுக்கு டோனி விருது, அமெரிக்க நாடக உலகின் ஆஸ்கர் மாதிரி. ஃப்ரெட் ஜின்னமன் அதைப் படமாக எடுத்த 1966க்குள் அந்த வசனங்கள் அவர் வாயில் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. அத்தனை தடவை சொன்னவருக்கு எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று தெரிந்துவிடும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்.

விசாரணைக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மோரிடம் முன்பு வேலை கேட்டு வந்த ரிச்சர்ட் ரிச் இப்போது அவருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டான். (ஜான் ஹர்ட், அப்போது இருபத்தாறு வயதுப் பையன்.) மோரின் தலை போவது உறுதி. அவர் ரிச்சை நிறுத்தி, அவன் கழுத்தில் தொங்கும் பதவிச் சங்கிலியைப் பார்க்க வேண்டும் என்கிறார். வேல்ஸ் பிரதேசத்துக்கு அவனை அட்டர்னி ஜெனரல் ஆக்கியிருக்கிறார்களாம். உலகத்தையே கொடுத்தாலும் ஆன்மாவை விற்கக்கூடாது, நீ போயும் போயும் வேல்ஸுக்கா விற்றாய் என்கிற மாதிரி ஒரு வரி. இன்னொரு நடிகராக இருந்தால் அங்கே கைதட்டல் வாங்கியிருப்பார். இவர் குரல் ஏறவே இல்லை. பிள்ளை கெட்டுப்போனதைப் பார்த்த வாத்தியாரின் வருத்தம், கூடவே துளி கிண்டல்.

அந்த வேடத்துக்குத்தான் ஆஸ்கர். அந்த வருடப் போட்டியில் ரிச்சர்ட் பர்ட்டனும் இருந்தார். ஸ்கோஃபீல்ட் விழாவுக்கே போகவில்லை. படத்தில் மனைவியாக நடித்த வெண்டி ஹில்லர்தான் வாங்கிக்கொண்டார். இவர் சசெக்ஸில் பால்கம் என்ற கிராமத்தில், நடிகையான மனைவி ஜாய் பார்க்கரோடு கடைசிவரை இருந்தார். ‘சர்’ பட்டம் தர முன்வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார். மிஸ்டர் என்பதில் என்ன குறைச்சல் என்று கேட்டாராம். சர் தாமஸ் மோராகப் புகழ்பெற்றவர்!

வீணடித்தார் என்கிறீர்கள். எனக்கும் ஒரு ஆதங்கம் உண்டு, ஆனால் அது வேறு. 1962இல் பீட்டர் புரூக் இயக்கத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டில் லியர் அரசனாக நடித்தார். எண்பது தாண்டிய கிழவன் வேடம், இவருக்கு நாற்பது வயது. 2004இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நடிகர்களிடம் கேட்டபோது, ஷேக்ஸ்பியர் வேடங்களிலேயே மிகச் சிறந்தது என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். புரூக் அதைப் பின்னால் கறுப்பு வெள்ளையில் படமாகவும் எடுத்தார், 1971இல் வந்தது. ஆனால் அது மேடையில் நடந்ததன் பதிவல்ல, தனிப் படம். 1979இல் நேஷனல் தியேட்டரில் ‘அமெடியஸ்’ நாடகத்தின் முதல் சாலியேரி, அதாவது மொசார்ட்டைப் பார்த்துப் பொறாமைப்படும் இசையமைப்பாளர், இவர். ஐந்து வருடம் கழித்து அது படமானபோது அந்த வேடமும் ஆஸ்கரும் வேறொருவருக்குப் போயின. ஸ்கோஃபீல்டின் சாலியேரியை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

அதற்காக சினிமாவை அவர் வெறுத்தார் என்று நினைக்க வேண்டாம். 1994இல் ‘க்விஸ் ஷோ’வில் அப்பாவாக வந்து மறுபடி ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அதையும் பாருங்கள்.

அப்புறம், ஒன்று கிடைக்கிறது. 2002இல் நாக்ஸஸ் என்ற ஒலிநூல் நிறுவனம் வெளியிட்ட ‘கிங் லியர்’ ஒலிப்பதிவு. ஸ்கோஃபீல்டுக்கு உண்மையிலேயே எண்பது வயது அப்போது. கோமாளியாக கென்னத் பிரானா. முகம் கிடையாது, வெறும் குரல். பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கலாம் என்றுதான் ஹெட்போனை மாட்டினேன். முடிந்தபோது மணி இரண்டு, மறுநாள் ஆபீஸ் வேறு.