அலுமினியப் படகுக்குப் புதுத் தளம்: கேள்வி பதில்

எண்ணூரிலிருந்து: அண்ணே, 14 அடி அலுமினியப் படகு. தளப்பலகை மிதிச்சா பொதபொதன்னு அமுங்குது. மேலேயே இன்னொரு பலகை வச்சு அடிச்சிடலாமா?

வேணாம் தம்பி. அந்தப் பலகை ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. உப்புத்தண்ணி காத்து படாம அலுமினியத்தோட ஒட்டிக் கிடந்தா வெள்ளைப் பொடி கிளம்பும், அதுக்கு அடியில ஊசி குத்தின மாதிரி குழி விழும். மேல பலகை அடிச்சா அது கண்ணுக்கே தெரியாது.

முழுசா கழட்டுங்க. ரிவெட் தலையை டிரில் பண்ணி எடுத்துட்டு மிச்சத்தைத் தட்டித் தள்ளுங்க. உளி வச்சு நெம்பினா வங்குச் சட்டம், அதாவது பலகையைத் தாங்குற விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டம், வளைஞ்சிடும். பழைய பலகையைத் தூக்கிப் போடாதீங்க, புதுசுக்கு அதுதான் அளவு. நல்ல தண்ணியில கழுவிக் காய விட்டு, வெள்ளைப் பொடியை நைலான் பிரஷ்ஷால தேயுங்க. இரும்பு பிரஷ் கூடவே கூடாது. துகள் பதிஞ்சு அரிப்பைக் கிளப்பும். பிறகு படகை நல்லா முட்டுக் கொடுத்து நிறுத்தி, உள்ளே 3 அங்குலம் தண்ணி ஊத்தி, வெளியே ரிவெட் வரிசையில எங்க கசியுதுன்னு சாக்பீஸால குறிங்க. தளம் போட்ட பிறகு இதைப் பார்க்கவே முடியாது.

காசிமேட்டிலிருந்து: எந்த பிளைவுட் வாங்கணும்? எவ்வளவு?

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை, 12 மி.மீ. 8 அடிக்கு 4 அடி ஷீட் இரண்டு போதும். ஒண்ணு கவனிங்க: பூச்சி அரிக்காம இருக்க பிளையில மருந்து ஏத்துவாங்க. அதுல செம்பு இருந்தா அலுமினியத்தைத் தின்னுடும். செம்பு இல்லாததைக் கேட்டு வாங்குங்க.

வெட்டி, துளையெல்லாம் போட்ட பிறகுதான் எப்பாக்ஸி, அதாவது தண்ணி புகாம பூசுற பிசின். இரண்டு முகமும் ஓரமும் சேர்த்து 3 கோட்டு. சுமார் 4 கிலோ ஆகும். ஓரமும் துளையும்தான் தண்ணி குடிக்கிற வாய், அங்க கஞ்சத்தனம் வேணாம். வங்குக்கும் பலகைக்கும் நடுவுல ரப்பர் பட்டை, சுத்திலும் 5 மி.மீ. இடைவெளி விடுங்க. தண்ணி இறங்கணும், காத்து போகணும்.

செலவு தாங்கும்னா பிளைக்குப் பதிலா 3 மி.மீ. அலுமினிய செக்கர் பிளேட் (மேல புடைப்புக் கோடு உள்ள தகடு) போடுங்க. எடை 12 மி.மீ. பிளைக்குக் கிட்டத்தட்ட சமம், உளுத்தும் போகாது. வெயில்ல கால் சுடும், அவ்வளவுதான்.

திருவொற்றியூரிலிருந்து: பித்தளை ஸ்க்ரூ துருப்பிடிக்காதே, அதைப் போடலாமா? அடியில தெர்மாகோல் திணிக்கலாமா?

பித்தளை துருப்பிடிக்காது, ஆனா சுத்தியிருக்கிற அலுமினியத்தை அரிக்க வைக்கும். 4.8 மி.மீ. அலுமினிய குளோஸ்டு ரிவெட் (முனை மூடின ரிவெட்) சரி. ஸ்க்ரூதான்னா 316 ஸ்டெயின்லெஸ், தலைக்கடியில பாலியூரித்தேன் சீலன்ட் வச்சு.

தெர்மாகோல் பெட்ரோல் பட்டா கரைஞ்சிடும். மூடிய செல் பி.யூ. ஃபோம் (தண்ணி உறிஞ்சாத பாலியூரித்தேன் நுரை) போடுங்க, ஒரு கன அடி சுமார் 27 கிலோவை மிதக்க வைக்கும். நடுவுல தண்ணி ஓடுற வழியை மட்டும் அடைக்காதீங்க.

எண்ணூரிலிருந்து: ஐப்பசியில வேலை ஆரம்பிக்கலாமா அண்ணே?

அடைமழைக் காத்துல பலகையும் காயாது, எப்பாக்ஸியும் பிசுபிசுக்கும். பங்குனியில ஆரம்பிங்க. ஏப்ரல் 15ல மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிட்டா ஆளுங்க எல்லாம் விசைப்படகு பழுது பார்க்கிற வேலைக்குப் போயிடுவாங்க.

மூடுறதுக்கு முன்னாடி அடித்தகட்டை விரலால தடவிப் பாருங்க. ஈயக்குண்டு, செம்புக் கம்பித் துண்டு எது கிடந்தாலும் அதே இடத்துல ஓட்டை விழும். காந்தத்துக்கு அதுங்க வராது, கையாலதான் பொறுக்கணும்.