மாத்திரை அட்டையத் திருப்பிப் பாருங்க

கேள்வி: டாக்டர், எனக்கு இப்ப ஏழாம் மாசம். ராத்திரி படுத்தா போதும், நெஞ்சு எரிஞ்சு தொண்டை வரைக்கும் புளிப்பா ஏறி வருது. சோடா உப்ப தண்ணில கலந்து குடிச்சா உடனே கேக்கும்னு அம்மா சொல்றாங்க, மாமியார் அவங்க வச்சிருக்கற ரோஸ் கலர் சிரப்ப குடிக்க சொல்றாங்க. எத குடிக்கறது?

பதில்: ரெண்டும் வேண்டாம்மா. சோடா உப்பு எரிச்சல அடக்கும், அது உண்மைதான், ஆனா அதுல இருக்கறது சோடியம், அடிக்கடி குடிச்சா உடம்புல நீர் கோத்துக்கும், ரத்தத்துல காரத்தன்மையும் ஏறிடும். தண்ணில போட்டா பொங்கி வர்ற பொடி பாக்கெட் பலதுலயும் இதேதான் இருக்கு, பேர் மட்டும்தான் வேற. அந்த ரோஸ் சிரப்போட அட்டையத் திருப்பிப் பாருங்க, பிஸ்மத் சப்சாலிசிலேட்னு போட்டிருந்தா அத தொடவே தொடாதீங்க. சாலிசிலேட்ங்கறது ஆஸ்பிரின் குடும்பம், கர்ப்பத்துல அதுவும் கடைசி மாசங்கள்ல அது ஆகாது. ரோஸ் கலர்ல வர்றதெல்லாம் இதுதான்னு இல்ல, அதனாலதான் கலரப் பாக்காதீங்க எழுத்தப் பாருங்கன்னு சொல்றேன்.

ஏன் இந்த எரிச்சல் வருதுன்னா, கர்ப்பப்பை இறுகிடாம இருக்கணும்னு சுரக்கற புரோஜெஸ்டிரான் ஹார்மோன், உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவுல வால்வு மாதிரி இருக்கற தசையையும் சேர்த்து தளர்த்தி விட்டுடுது, கூடவே குழந்தை வளர வளர இரைப்பைய கீழேர்ந்து மேல தள்ளுது, அமிலம் மேல வராம என்ன பண்ணும்? பிரசவம் ஆனதும் பெரும்பாலும் தானா போயிடும். அதுவரைக்கும் ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சு படுங்க, இடது பக்கமா படுங்க, கட்டில் தலைமாட்ட 6 இன்ச் தூக்கி வைங்க. தலகாணிய மட்டும் அடுக்கினா வயிறு மடங்கி இன்னும் எரியும். கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவ சாப்பிடுங்க. புதினா மிட்டாய் இதமா இருக்கும்னு வாயில போட்டுக்காதீங்க, அது அந்த வால்வ இன்னும் தளர்த்தும்.

இதுக்கும் கேக்கலைன்னா மருந்து எடுக்கலாம், பயப்பட வேண்டாம். கால்சியம் கார்பனேட் சப்பற மாத்திரை நல்லது. ஆனா 500 மில்லிகிராம் மாத்திரைல 200 மில்லிகிராம் சுத்தமான கால்சியம், நீங்க ஏற்கனவே கால்சியம் மாத்திரை போட்டுட்டு இருப்பீங்க, சாப்பாட்டுல வர்றது உட்பட எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 2,500 மில்லிகிராம தாண்டக் கூடாது. கடல்பாசிலேர்ந்து எடுக்கற ஆல்ஜினேட் சிரப் இன்னொன்னு, இரைப்பைல இருக்கறதுக்கு மேல ஏடு மாதிரி மிதந்து அமிலத்த மேல வராம தடுக்கும், அதனால சாப்பிட்ட பிறகும் படுக்கறதுக்கு முன்னாடியும்தான் குடிக்கணும், வெறும் வயித்துல குடிச்சா பிரயோஜனம் இல்ல. அதுலயும் கொஞ்சம் சோடியம் இருக்கு, பிரஷர் இருக்கறவங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு எடுங்க. மெக்னீசியம், அலுமினியம் கலந்த ஜெல்லயும் கேட்டுட்டு அளவா எடுக்கலாம். மெக்னீசியம் வயித்த இளக்கும், அலுமினியம் கட்டும், உங்களுக்கு எது தொல்லைன்னு உங்களுக்கே தெரியும். ஒன்னு மறந்துடாதீங்க, இதுல எத எடுத்தாலும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதுக்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்க, இல்லைன்னா இரும்பு உடம்புல சேராது.

இதுக்கும் அடங்கலைன்னா ஃபமோட்டிடின், ஒமெப்ரசோல் மாதிரி அமிலம் சுரக்கறதையே குறைக்கற மருந்து டாக்டர் எழுதித் தருவாங்க, கர்ப்பிணிங்களுக்கு நிறைய குடுத்துப் பழகின மருந்துதான். டிராயர்ல இதே வேலைக்கான பழைய ரானிடிடின் மாத்திரை கிடந்தா தூக்கிப் போடுங்க, புற்றுநோய் வரவைக்கலாம்னு சந்தேகப்படற என்டிஎம்ஏங்கற மாசு சேருதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 ஏப்ரல்லயே எல்லாத்தையும் கடையிலேர்ந்து எடுக்கச் சொல்லிடுச்சு. இன்னொன்ன அழுத்திச் சொல்லணும். வயித்துப்புண்ணுக்கு குடுக்கற மிசோபுரோஸ்டால் கர்ப்பப்பைய சுருங்க வைக்கும், கருக்கலைப்புக்கும் அதேதான் பயன்படுது. சில மூட்டுவலி மாத்திரைல டைக்ளோஃபெனாக்கோட சேர்ந்து ஒளிஞ்சிருக்கும். அடுத்தவங்க மருந்து "வயித்துக்குத்தான்"னு சொன்னாலும் வாங்கிப் போடாதீங்க.

எரிச்சல்னு நினைச்சு விட்டுடக் கூடாத வலி ஒன்னு இருக்கு. 20 வாரத்துக்கு அப்புறம் மேல் வயித்துலயோ வலது விலா எலும்புக்குக் கீழயோ விடாம வலிச்சு, கூட தலைவலி, கண் மங்கறது, முகம் கை திடீர்னு வீங்கறது இருந்தா அது பிரஷர் பிரச்சனையா இருக்கலாம், விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி போங்க.

கேள்வி: என் மனைவிக்கு மூணாம் மாசம், வாந்தி நிக்கல, நேத்திலேர்ந்து வயித்துப்போக்கும் சேர்ந்துடுச்சு. மாத்திரை வாங்கித் தரலாமா?

பதில்: வயித்துப்போக்க நிறுத்தற மாத்திரைய நீங்களா வாங்காதீங்க தம்பி, முதல் வேலை தண்ணிதான். ஓஆர்எஸ் பாக்கெட்ல போட்டிருக்கற அளவு தண்ணில முழுசா கரைச்சு, ஸ்பூன் ஸ்பூனா அடிக்கடி குடுங்க, ஒரே மூச்சா குடிச்சா வாந்தியா வந்துடும். யூரின் அடர் மஞ்சளா கொஞ்சமா போனாலோ, ஒரு நாள் பூரா குடிச்சது எதுவும் தங்கலைன்னாலோ, காய்ச்சல், மலத்துல ரத்தம்னாலோ கூட்டிட்டுப் போங்க.

வாந்திக்கு இஞ்சி கொஞ்சம் உதவும், சிலருக்கு அதுவே எரிச்சலையும் கொண்டு வரும். விட்டமின் பி6ஓட டாக்ஸிலமைன் சேர்ந்த மாத்திரை டாக்டர் தருவாங்க. அதோட கதையே தனி, 1956ல அமெரிக்காவுல வந்தது, குழந்தைக்கு ஊனம் வருதுன்னு கேஸ் மேல கேஸ் போட்டதுல கம்பெனி 1983ல நிறுத்திடுச்சு, ஆராய்ச்சில அப்படி எதுவும் தேறல, 2013ல வேற பேர்ல எஃப்டிஏ திரும்ப அனுமதிச்சது. நடுவுல 30 வருஷம் அந்த ஊர் கர்ப்பிணிங்க சும்மா கஷ்டப்பட்டாங்க.

கேள்வி: பொண்ணுக்கு எட்டாம் மாசம். அதிமதுரம் மூலிகைதானே, நெஞ்செரிச்சலுக்கு தினமும் டீ போட்டுக் குடுக்கலாமா? அப்புறம், எரிச்சல் அதிகம்னா குழந்தைக்கு முடி நிறைய இருக்கும்னு சொல்றாங்களே?

பதில்: அதிமதுரம் வேண்டாம்மா. அதுல இருக்கற கிளிசிரைசின் பிரஷர ஏத்தும், பொட்டாசியத்த குறைக்கும். ஃபின்லாந்து அரசு 2016ல கர்ப்பிணிங்க சாப்பிட வேண்டாத பட்டியல்லயே அத சேர்த்துடுச்சு.

முடி விஷயத்துல நானும் சிரிச்சவதான். ஆனா அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல 64 கர்ப்பிணிங்கள வச்சுப் பார்த்து 2006ல வெளியிட்டாங்க, எரிச்சல் நல்லா இருந்த 28 பேர்ல 23 பேரோட குழந்தைங்களுக்கு முடி சராசரியாவோ அதுக்கு மேலயோ இருந்துச்சு, எரிச்சலே இல்லாத 12 பேர்ல 10 பேரோட குழந்தைங்களுக்கு கம்மியாவோ சுத்தமா இல்லாமலோ இருந்துச்சு. ஹார்மோன் காரணமா இருக்கலாம்னாங்க, சின்ன ஆராய்ச்சிதான். குழந்தை மொட்டையா பொறந்தா என்மேல கோவிச்சுக்காதீங்க.