கொதிக்காமலேயே மறையும் நீர்

கேள்வி: உப்பைக் கரைத்த நீரைத் தட்டில் ஊற்றி அறையிலேயே வைத்திருந்தோம். சில நாட்களில் நீர் மறைந்து உப்பு மட்டும் எஞ்சியது. 100 பாகை செல்சியஸில்தானே நீர் ஆவியாகும் என்று என் மகள் கேட்கிறாள். உப்பு ஏதேனும் மாற்றம் அடைந்திருக்குமா?

பதில்: மிக நல்ல கேள்வி. 100 பாகை செல்சியஸ் என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்தில் நீர் கொதிக்கும் வெப்பநிலையே தவிர, ஆவியாதலின் தொடக்கம் அன்று. நீரின் மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. மேற்பரப்பை ஒட்டி மிகுந்த ஆற்றலோடு இயங்குபவை, அண்டை மூலக்கூறுகளின் ஈர்ப்பை மீறி, கொதிநிலைக்கு வெகு கீழேயும் காற்றில் கலந்துகொண்டே இருக்கின்றன. ஆற்றல் மிகுந்தவை வெளியேறுவதால் எஞ்சிய நீர் சற்றே குளிர்கிறது. ஈரக்கையில் காற்றுப் படும்போது நாம் உணரும் குளிர்ச்சி அதுவே. மூலக்கூறுகள் மேற்பரப்பின் வழியே வெளியேறுவதால், அதே அளவு கரைசலைக் குறுகிய வாயுள்ள புட்டியிலும் ஊற்றி வைத்தால், அது வற்றுவதற்குத் தட்டைவிடப் பன்மடங்கு நாட்கள் ஆவதைக் காண்பீர்கள்.

உப்பு வேதிமாற்றம் அடையவில்லை. 100 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் உப்பை எடைபோட்டுக் கரைத்து, முற்றிலும் உலர்ந்தபின் மீண்டும் எடைபோட்டால், ஏறத்தாழ அதே 10 கிராம் கிடைக்கும். ஆகவே இது பௌதிக மாற்றம். சர்க்கரையைக் கருகவிட்டால் அதைத் திரும்பப் பெற இயலாது, அதுவே வேதிமாற்றம்.

கரைசலை அடுப்பில் வைத்து விரைந்து வற்றச் செய்தால் பொடி போன்ற உப்பே மிஞ்சும். அசைக்காமல் நாள்கணக்கில் மெல்ல வற்றவிட்டால், கனசதுரப் படிகங்கள் உருவாகும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே அவற்றை மகளுக்குக் காட்டுங்கள்.